வடிவம்மாள் பெயரில் எழுதிய மூட்டைகள்

என் பெயர் சிவனணைந்தபெருமாள், தகப்பனார் பெயர் வன்னியபெருமாள், வயது 48, தொழில் கருப்பட்டி வியாபாரம், குடியிருப்பு தூத்துக்குடி. 1946 ஜனவரி 9ஆம் தேதி சப் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் நான் சொல்வதாவது:

விற்பனை வரிச் சட்டம் வந்தபோது எங்கள் தெருவில் ஒன்பது கடைகள் பதிவாயின. ஒன்பதும் வருஷத்துக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் விற்பவை. அதற்குக் கீழ் விற்றால் வரி குறைவு என்று தெரிந்த பிறகு அவரவர் கடையைப் பிரித்து மனைவி பெயரிலும் மைத்துனன் பெயரிலும் பதிந்தோம். ஐந்து வருஷத்தில் பெரிய கடை இரண்டாகக் குறைந்து, சின்னக் கடை இருபத்திமூன்று ஆயிற்று. புதிதாக ஒரு கதவுகூடத் திறக்கவில்லை, பெயர்ப் பலகைதான் கூடியது. நானும் என் வியாபாரத்தில் பாதியை என் விதவைத் தங்கை வடிவம்மாள் பெயரில் பதிந்தேன். அவள் என் வீட்டில் இருப்பவள், எழுதப் படிக்கத் தெரியாதவள். என்ன ஏது என்று கேட்காமல் கைநாட்டு வைத்தாள்.

அதன் பிறகு அவள் மகள் முத்துக்கனிக்கு மாப்பிள்ளை தேடினோம். விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று எங்கள் சாதிச் சங்கமான உறவின்முறைக்கு மகமை கட்டுவது எங்கள் வழக்கம். பெண் எடுக்க வருகிறவர்கள் வீட்டைப் பார்க்குமுன் மகமைப் புத்தகத்தைப் பார்ப்பார்கள். தகப்பனில்லாத பிள்ளையை யார் எடுப்பார்கள் என்று பயந்து, வடிவம்மாள் கடையில் விற்ற எண்ணூறு மூட்டையை மூவாயிரத்து நூறு என்று சொல்லி, என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து அத்தனைக்கும் மகமை கட்டினேன். அதன் பிறகு அந்தப் புத்தகத்தை எழுதும் இசக்கியப்பனே தம் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். "புஸ்தகத்தப் பாத்தாச்சு அண்ணாச்சி, இனி என்னத்த விசாரிக்க?" என்றார். தை பதினெட்டு முகூர்த்தம் என்று தாம்பூலம் மாற்றினோம்.

அதன் பிறகு, சின்னக் கடைகள் இப்படிப் பெருகியதில் சந்தேகப்பட்ட வரி ஆபீசார் மகமைப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, மூட்டை இருபது ரூபாய் வீதம் வடிவம்மாள் அறுபத்திரண்டாயிரத்துக்கு விற்று மறைத்ததாக சம்மன் அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று மூன்று சம்மன்களை அவளுக்குத் தெரியாமல் ஒளித்துவிட்டேன். இன்று காலை வாரண்டோடு வந்து அவளைக் கூட்டிப்போனார்கள். புளி கரைத்த கையைக் கழுவவும் விடவில்லை. "அண்ணே, எனக்குக் கடை எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

அதன் பிறகு பின்னாலேயே ஓடி வந்தேன். கடை என்னுடையது. அந்த இரண்டாயிரத்து முன்னூறு மூட்டை உலகத்திலேயே கிடையாது. என்னை என்ன செய்தாலும் சரி, அவளை விட்டுவிடுங்கள் என்று காலில் விழுந்தேன். "இல்லாத மூட்டைக்கு எவனாவது காசு கட்டுவானா? ருசு என்ன, அத்தாட்சி என்ன?" என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்போது, புத்தகத்தோடு சாட்சிக்கு அழைக்கப்பட்டிருந்த இசக்கியப்பன் எழுந்து, "பொய் மூட்டைக்கு மகமை கட்டுன வீட்டுல எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம். சாயங்காலம் தாம்பூலத்தத் திருப்பி அனுப்புதேன்" என்றார். அதையும் எழுதிக்கொள்ளும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். இந்தக் கல்யாணத்துக்காகத்தான் அந்தக் காசைக் கட்டினேன்; அது நின்றதைவிட வேறு ருசு என்னிடம் இல்லை.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) சிவனணைந்தபெருமாள்
சாட்சி: (ஒப்பம்) இசக்கியப்பன்