எசமானுக்குச் சொன்ன பத்தியம்

இளநீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், ஐயா. நீர் சரியாகப் பிரியவில்லை என்றால் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் முதலில் தென்னைமரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள்.

எங்கள் மிராசுதார் அமிர்தலிங்கத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. காரியஸ்தன் என்ற முறையில் தஞ்சாவூருக்கு நான்தான் அழைத்துப்போனேன். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"வடிகால் அடைச்ச வயல் மாதிரிங்க. தண்ணி தேங்கி இதயம் திணறுது. இளநீர் மட்டும் கொடுத்துடாதீங்க. அதுல இருக்கற பொட்டாசியம் வெளியேற வழியில்லாம ரத்தத்துல ஏறினா, இதயம் நின்னுடும்."

திரும்பும் வழியில் எசமான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "குஞ்சிதபாதம், சாகறதுக்குள்ள வீரையன் விஷயத்தைப் போலீசுல சொல்லிடணும்டா."

வீரையன் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, அறுப்புக்கு வந்த வெளியூர் ஆட்களை மறித்தவன். இரண்டு தட்டு தட்டு என்றுதான் எசமான் சொல்லியிருந்தார். களத்தில் கட்டிவைத்துச் சாணிப்பாலை வாயில் ஊற்றினேன். என் முகத்தில் துப்பினான். மண்வெட்டிக் காம்பை எடுத்தேன். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போனது என் கைக்குத் தெரிந்தது. "போதும்டா" என்றார் எசமான். வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. பிறகு கொள்ளிடத்து மணலில் புதைத்துவிட்டு, ஊரைவிட்டு ஓடிவிட்டான் என்று நானே சொல்லித் திரிந்தேன்.

எசமான் வாயைத் திறந்தால் அவருக்கு நிம்மதி, எனக்குத் தூக்குக்கயிறு. இது எந்த ஊர் நியாயம், ஐயா?

வீட்டில் அவர் மனைவி பிரகதாம்பாள் பத்தியம் என்னவென்று கேட்டார். "உப்பைக் குறைக்கணுமாம். இளநீர் எவ்வளவு வேணா கொடுக்கலாம்ங்கம்மா" என்றேன். ஆள் விட்டு ஒரு குலை இறக்கிவைத்தேன். அம்மா வடிகட்டி வடிகட்டிக் கொடுத்தார். தாகத்தில் தவித்த மனிதர் ஆசையாகக் குடித்தார்.

மறுநாள் கைகால் துவண்டுவிட்டன. நாடி துள்ளியது, தப்பியது, மறுபடி துள்ளியது. அப்போது என் முகத்தைப் பார்த்தவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். வாயை இறுக மூடிக்கொண்டார்.

"குடிக்க மாட்டேங்கறாரே, கொஞ்சம் பிடிங்களேன்" என்று அம்மா அழுதார். தாடையை அழுத்தித் திறந்து, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். அம்மா ஊற்றினார்.

இந்த வெள்ளத்தில் கொள்ளிடம் மணலை அரித்து எலும்பைக் காட்டிவிட்டது. ஆகவே இரண்டு பேரையும் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிரகதாம்பாளுக்கு மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம். தன் கையாலேயே புருஷனைக் கொன்றோம் என்று ஒரு பெண் அழுவதைப் பார்க்க எனக்கு மனசு வராது, ஐயா. அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை நான்.