ஷட்டிலுக்கு முளைத்த வால்

கடையில் ஓடுகிற படத்தைப் பார்த்து மட்டும் டிவி வாங்கிவிடாதீர்கள், அம்மா. வீட்டுக்குப் புதிதாக ஒன்று எடுக்கப்போவதாக நீங்கள் வெளியே ஸ்டேஷன் வாசலில் காவலரிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது, அதனால் சொல்கிறேன். நான் வேலை பார்க்கிற டிவி கடையில் நாங்கள் ஓடவிடுவதெல்லாம் மெதுவாக நகரும் படங்கள். பூ மெல்ல விரியும். தேன் கரண்டியிலிருந்து வடியும். கடலுக்கு மேல் ஒரு பறவை சும்மா மிதந்துகொண்டிருக்கும். அதில் எந்த டிவியும் அழகுதான். வேகமாகப் பறக்கிற எதையும் போடமாட்டோம். போட்டால் சாயம் வெளுத்துவிடும்.

உங்கள் கேள்விக்குத்தான் வருகிறேன். வீட்டு டிவிக்கு எதற்கு ஹோட்டல் பூட்டு என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஆனால் பூட்டை மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

தட்டைத் திரையில் பல வகை உண்டு. ஓலெட் என்பதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும், இமைப்பதற்குள் மாறிவிடும். மற்றவற்றில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் புள்ளிகள் குட்டிக் கதவுகள் மாதிரி திறந்து மூடும். அதிலும் வி.ஏ. என்று ஒரு வகை. கறுப்பை அவ்வளவு ஆழமாகக் காட்டும். ஆனால் அந்தக் கதவுகள் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரச் சோம்பல்படும். இருண்ட இடத்தில் வெள்ளையாக ஒன்று விருட்டென்று பறந்தால் அதன் பின்னால் புகை மாதிரி ஒரு வால் நீளும். சினிமா பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விளையாட்டுப் பார்க்கிறவர்களுக்குத்தான் தலைவலி.

என் தங்கை பேட்மிண்டன் பயிற்சியாளர். தெரியும் என்கிறீர்கள். சரி, எங்கள் வீட்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது வி.ஏ. அப்போது மனதில் ஒன்றும் இல்லை.

எனக்கும் அவளுக்கும் பெரிய வயது வித்தியாசம். இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். அவளுக்கு நாற்பது தாண்டிய பிறகும் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். "அக்கா, பிள்ளைங்க முன்னாடி அப்படிக் கூப்பிடாத, நாளைக்கு எவளும் பயப்பட மாட்டா" என்பாள். கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு யாரும் அமையவில்லை. அவளுக்கு நேரம் அமையவில்லை. இரண்டு அறை, ஒரு கூடம், மாடியில் துணி காயவைக்க ஒரு கொடி. போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் அவள் தன் மாணவிகளின் ஆட்டத்தை டிவியில் போட்டுப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஷட்டில் ராக்கெட்டில் பட்டதா உரசியதா, சர்வீஸ் போடும்போது பின்கால் தூக்கியதா, எல்லாம் ஒரே தடவையில் சொல்லிவிடுவாள். நிறுத்தி ஓட்டிப் பார்த்தால் அவள் சொன்னதுதான் இருக்கும். அந்தக் கண்ணுக்காகத்தான் அவளைத் தேடி வந்தார்கள்.

நெட்டையும் அதற்காகத்தான் வந்தாள்.

நெட்டை என்று நான் வைத்த பெயர். தங்கையோடு இரட்டையர் ஆட்டம் ஆடியவள். எங்கள் கதவு நிலையில் குனிந்துதான் நுழைவாள். நுழையும்போதே "பார்ட்னர்" என்று ஒரு குரல். பேச்சுக்குப் பேச்சு பார்ட்னர். அவள் வந்துவிட்டால் இரண்டு பேரும் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். முழு வாக்கியமே பேசமாட்டார்கள்.

"இப்போ பாரு."

"ம்."

"தோள்பட்டை."

"அதேதான். லூசு."

உடனே இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் தேநீரோடு பின்னால் நிற்பேன். என்ன ஜோக் என்று கேட்டால், "ஒண்ணுமில்லக்கா, ஆட்டத்துல ஒரு விஷயம்" என்பாள் என் பாப்பா. நான் தூக்கிச் சுமந்த குழந்தைக்கும் எனக்கும் நடுவில் எனக்குத் தெரியாத ஒரு பாஷை.

பிறகு நெட்டை வேறு ஊருக்குப் போனாள். அங்கே சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி திறக்க இடம் பிடித்தாள். போனில் பேசிக்கொண்டே இருந்தாள். "நீ வந்தாத்தான் பார்ட்னர். கண்ணு உன்னுது, கத்துறது நான்."

கொஞ்சம் முன்னால் மனதில் ஒன்றும் இல்லை என்றேன். இருந்தது. பழைய டிவி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டேன். பக்கத்திலேயே அதே அளவில் ஓலெட் இருந்தது. அதைத் தாண்டிப் போய்த்தான் வி.ஏ.வை எடுத்தேன். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த டிவி வீட்டில் வேண்டாம் என்று மட்டும்தான் நினைத்தேன். அதற்கு மேல் அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

முதல் சாயங்காலம் பாப்பா கண்ணைக் கசக்கினாள். "அக்கா, ஷட்டிலுக்கு வால் முளைச்சிருக்கு பாரேன்."

எனக்கும் தெரிந்தது. கரும்பச்சைத் தரையில் வெள்ளை ஷட்டில், பின்னால் அழுக்குத் துணி மாதிரி ஒரு இழுப்பு. இந்த வகைத் திரையே அப்படி, மாற்றித் தருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவள் போன் அடித்தது. யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சிரித்துப் பேசிவிட்டு வந்து, "உனக்குத் தெரியுதா, சொல்லு" என்றாள்.

"இல்லையே பாப்பா. எனக்குத் தெளிவாத்தான் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் டிவியை அணைத்தாள். அப்புறம் என் தோளில் சாய்ந்துகொண்டாள். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் சாய்வாளே, அதே மாதிரி. எத்தனையோ வருஷம் கழித்து.

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் அந்தத் தோளை நகர்த்தியிருப்பீர்களா.

மறுநாள் அவள் வேலைக்குப் போனபின் டிவியின் செட்டிங்கில் போய், அசைவை வழவழப்பாக்குகிற வசதியை முழுதாக ஏற்றிவைத்தேன். இரண்டு படங்களுக்கு நடுவில் இல்லாத ஒரு படத்தை டிவியே கற்பனை செய்து சேர்த்துக்கொள்ளும். பெரிய பொருளென்றால் சமாளித்துவிடும். ஷட்டில் சின்னது, அதற்குக் கைவராது. பாதி வழியில் ஷட்டில் காணாமல்போகும். ராக்கெட் இரண்டாகத் தெரியும். அப்புறம் ஹோட்டல் பூட்டு. அறைக்கு வந்து தங்குகிறவர்கள் எதையும் மாற்றிவைத்துவிடக்கூடாது என்று ஹோட்டல்களுக்குப் போட்டுக்கொடுப்போம். ரிமோட்டில் சத்தம் கூடும், குறையும். மற்றதெல்லாம் திறக்காது. அவள் வேலை பார்த்த அரங்கத்துக்கும் நான்தான் டிவி எடுத்துக்கொடுத்தேன். அதற்கும் அதே வகை, அதே பூட்டு.

அவள் அதே ஆட்டத்தைப் போனில் போட்டுப் பார்த்தாள். அதில் தெளிவாக இருந்தது. "சின்ன ஸ்கிரீன்ல மங்கலும் சின்னதாத்தானே இருக்கும் பாப்பா" என்றேன். நியாயமாகப் பட்டது அவளுக்கு. கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எல்லா எழுத்தையும் கடகடவென்று படித்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். திரும்பி வரும்போது அவள் முகம் பூரித்திருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதில்லையா.

"அவர் காட்டுன எழுத்து சுவத்துல நிக்குது பாப்பா. உன் ஷட்டில் நிக்குமா?"

அதற்குப் பிறகு அவள் டாக்டரிடம் போகவேயில்லை.

மங்கலைத் தேடுகிற கண்ணுக்கு எங்கே பார்த்தாலும் மங்கல் கிடைக்கும். ஓடுகிற மின்விசிறி, பஸ் ஜன்னல், கையசைப்பு. எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது, யாரும் கவனிப்பதில்லை. அவள் கவனிக்க ஆரம்பித்தாள். ஒரு போட்டியில் அரங்கத்து டிவியில் மறுபடி ஓட்டிப் பார்த்து, ஒரு மாணவிமேல் தவறு என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே தன் அப்பா எடுத்த வீடியோவைக் காட்டினாள். பிசகே இல்லை. பாப்பா எல்லோர் முன்னிலும் அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, விசிலைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். பிறகு ஸ்கூட்டர் சாவியை என் கையில் கொடுத்தாள். "வேகமா வர்றது எதையும் நம்ப முடியலக்கா" என்றாள்.

அதன்பின் வந்த மாதங்களைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். நான் கடையிலிருந்து வரும்போது வாசலில் காத்திருப்பாள். இரண்டு பேரும் நடக்கப் போவோம். சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். நான் வா என்றால் வருவாள், நில் என்றால் நிற்பாள். ஊரே பார்த்து, இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்றது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

அன்றைக்கும் நடக்கத்தான் கிளம்பினோம். பாப்பா ஒரு துள்ளலோடு வந்தாள். கடைத்தெருவை அடையும்வரை அடக்கி வைத்திருந்துவிட்டு, "மத்தியானம் யார் வந்தா தெரியுமா?" என்றாள்.

தெரிந்தது. அவள் வீசிய கையிலேயே தெரிந்தது.

"சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறா. தலையை நிலையில இடிச்சுக்கிட்டா. ஆட்டம் போட்டோம். அவளுக்கும் வால் தெரியுதுக்கா. ‘உன் கண்ணு இல்ல பார்ட்னர், உன் பொட்டிதான் குருடு’ங்கிறா. செட்டிங் திறக்கல. நாளைக்கு அவ தங்கியிருக்கிற இடத்துல வேற டிவியில போட்டுப் பாக்கப்போறோம்."

"பாத்துட்டு?"

"நல்லாத் தெரிஞ்சா அவகூடக் கிளம்புறேன். நீயும் வா. நெட்டைக்கு உன் தேநீர் வேணுமாம்." அவளும் அந்தப் பெயரைச் சொல்வாள், ஆசையாக. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு என் கையை அழுத்தினாள். "ஒண்ணு சொன்னா வருத்தப்படாத. எனக்கும் அவளுக்கும் தெரியற வால் உனக்கு மட்டும் தெரியலேன்னா, கோளாறு உன் கண்ணுலதான். பாவம், உனக்குத் தெரியாமலே இத்தனை நாள் இருந்திருக்க. போறதுக்கு முன்னாடி உன்னை டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் போவேன்."

என்மேல் சந்தேகமே வரவில்லை அவளுக்கு. அதைக் கேட்க இதமாக இருந்தது. போவேன் என்பதும் காதில் விழுந்தது.

கடைத்தெரு முடிகிற வளைவில் நின்றோம். சரக்கு வேன் ஒன்று மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல தூரத்திலேயே பாப்பா பார்த்துவிட்டாள். "வண்டி வருதுக்கா" என்றாள்.

"அது நிக்குது பாப்பா."

"வர்ற மாதிரி இருக்கே."

"உன் கண்ணுக்கு எல்லாமே அசையுற மாதிரிதானே இருக்கும். நான் பாத்துட்டேன். வா."

அவள் வேனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் ஒரு காலை மட்டும் சாலையில் வைத்தேன். அவள் இறங்கிவிட்டாள். நான் கையை விட்டுவிட்டேன். பிறகு என் காலை எடுத்துக்கொண்டேன்.

அந்த டிரைவரை விட்டுவிடுங்கள். ஹாரன் அடித்தார், பிரேக்கும் போட்டார். அவர்மேல் குற்றம் இல்லை. அவருக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள்.

நானாக இங்கே வந்ததற்குக் காரணம் கேட்டீர்கள். நெட்டை அந்தப் பூட்டைப் பற்றி எங்கள் கடையில் விசாரித்து உங்களிடம் வந்து சொன்னதால் இல்லை. அவள் வருவதற்கு முன்பே நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், உங்கள் காவலரைக் கேட்டுப் பாருங்கள். விபத்துக்குக் காரணம் பார்வைக் குறைபாடு என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அதை அடித்துவிடுங்கள், அம்மா. அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவ்வளவு தூரத்தில், அந்தி வெளிச்சத்தில், என்னைவிட முன்னால் அவள்தான் பார்த்தாள். வண்டி வந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொன்று. வெளியே நெட்டை உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இதை மட்டும் சொல்லுங்கள். மத்தியானம் முழுக்க நெட்டை பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து உன் கண் நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். சாயங்காலம் நான் ஒரு தடவைதான் வா என்றேன். பாப்பா யாரை நம்பினாள் என்று அவளையே கேளுங்கள்.