தாலியில் கோத்த தகரம்

எனக்கு எழுபத்தாறு வயசு. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். எழுத்துத்தான் கோணலாக வரும், காதில் விழுந்தது எதுவும் கோணலானதில்லை.

கஞ்சிக்கோட்டு ரயிலடியில் போத்தனூர் வண்டிக்குக் காத்திருந்தேன். கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குத் தனியாகப் புறப்பட்ட ஒருவனும் அவன் பெண்டாட்டியும் பக்கத்தில் நின்றார்கள்.

"தகரத்தை எடு புள்ள. தோட்டத்து நம்பர் அடிச்ச அந்தத் தகரமில்லாட்டி மண்டபம் முகாமுல கப்பலேத்த மாட்டாங்க."

"பத்திரமா இருக்குதுங்க. ஆடிப் பதினெட்டுக்குச் சரடு மாத்தறப்ப எந்தாலியோட சேத்துக் கோத்துட்டேனுங்க."

"அடக் கிறுக்கி! கண்டிக்குப் போறது நீயா, நானா?"

"நம்மூட்டுல அதைவிடப் பத்திரமான எடம் ஏதுங்க?"

தூரத்தில் வண்டி ஊதியது.

"சரடை அத்துத்தான் எடுக்கோணும்."

"ஐயோ, நீங்க கடல் தாண்டப் போறப்பவா? வேண்டாமுங்க. நீங்க போகவே வேண்டாம்."

"போகாட்டி என்னத்தத் திங்கறது? திரும்பு புள்ள."

சரடைப் பல்லால் கடித்து அறுத்தான். தகரத்தைத் தன் அரைஞாணில் கோத்துக்கொண்டு, தாலியை மறுபடி கட்டினான். சரடு குட்டையாகித் தாலி அவள் தொண்டைக்குழியில் நின்றது.

"மூணு முடிச்சுங்களா?"

"மூணுதான்."

"அடுத்த ஆடிக்குங்க?"

"நான் வந்து மாத்தறேன். நீ அவுக்காதே."

வண்டி நகர்ந்தபோது ஜன்னலில் பார்த்தேன். அவள் பிடரியில் கை வைத்து முடிச்சைப் பிடித்தபடியே தனியாக நின்றாள்.

கண்ணு, இதைப் படித்துக் காட்டு. மூணு முடிச்சு என்றுதானே எழுதியிருக்கிறேன்?