வடிகட்டிய பின் எடுத்த அளவு

டீ வேண்டாம், ஐயா, வெந்நீர் போதும். என் வாக்குமூலத்தை எழுத ஆரம்பியுங்கள்.

நான் பார்ப்பது துகள் அளக்கிற வேலை. உடம்புக்கு ஒத்துப்போகும் பாலிமரில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் செய்து, உள்ளே புற்றுநோய் மருந்தை அடைத்து ரத்தத்தில் விடுவோம். பொடியாக இருந்தால் கட்டி வரை போய்ச் சேரும். ஒட்டித் திரண்டால் நுரையீரலில் அடைத்துக்கொள்ளும்.

தூசி இருந்தால் கருவி தப்பாகக் காட்டும் என்று, மாதிரியை வடிகட்டி அளப்பது எங்கள் ஆய்வுக்கூடத்துப் பழக்கம். அன்று மருந்தின் ஏழாவது தொகுதியை வடிகட்டாமலும் அளந்து பார்த்தேன். திரண்டிருந்தது. வடிகட்டினேன், ஊசிக்குழாயால் வடிகட்டி வழியாகத் தள்ளும்போது கட்டைவிரல் வலித்தது. தூசிக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஆனால் வடிந்து வந்ததின் அளவு அச்சுப் பிசகாமல் வந்தது.

ஏற்கெனவே இரண்டு தொகுதிகளைக் கழித்துக் கட்டியவன் நான். "இதுவும் போச்சுன்னா திட்டத்தையே மூடிடுவாங்கப்பா, எல்லாரும் வீட்டுக்குத்தான்" என்றிருந்தார் ஆய்வுக்கூடத் தலைவர். வடிகட்டிய பின் எடுத்த அளவு இருந்த இரண்டாவது தாளை மட்டும் அவரிடம் கொடுத்தேன். நோயாளிக்குப் போகும் குப்பியை யாரும் வடிகட்டுவதில்லை. அது எனக்குத் தெரியும்.

முதல் ஊசி என் அத்தானுக்கு. புற்றுநோய்க்காரர், நான்தான் அவரை இந்த மருந்துச் சோதனையில் சேர்த்துவிட்டிருந்தேன். காலையில் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இன்னைக்கு அத்தானைக் கூட்டிட்டு வராதேக்கா."

"ஏண்டா, தலைகீழா நின்னு எடம் வாங்கிட்டு இப்ப வராதேங்கற?"

"இருமல்னு சொன்னியே. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

இடம் காலியானதும் வரிசையில் அடுத்திருந்த நோயாளியான ஒரு தையல்காரரை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். கிண்டல்காரர். என் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "இந்தக் காலரைத் தச்சவன் யாருப்பா? பிழைச்சு வந்ததும் மொத வேலையா அவனை உதைக்கணும்" என்றார். நானும் சிரித்தேன். அவர் சம்சாரம் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திறக்கவில்லை. ஊசி போட்ட பத்தே நிமிடத்தில் அந்தத் தையல்காரருக்கு மூச்சு நின்றது. அந்த அம்மா கும்பிட்ட கை கண்ணைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. பாவி நான்.

அத்தான் நன்றாக இருக்கிறார். தெய்வம்தான் தடுத்தது என்கிறாள் அக்கா.

எங்கே கையெழுத்துப் போடணுமோ போடுகிறேன். ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: அந்த மருந்து ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லாமல் இருந்திருப்பேனா?