கம்மலுக்குக் காவல்

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிறு காலை. அண்ணனூரில் மின்சார ரயில் ஏறினேன். எதிரே இரண்டு பெண்கள். இளையவள் கேட்டாள்.

“இன்னாக்கா, இன்னிக்கும் பொண்ணோட ஃபுட்பால் மேட்ச்சுக்கா?”

“பின்ன? பொண்ணுங்க லீக் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒண்ணு உடல. கம்மலோட ஆட உடமாட்டாங்க. அத்த கயட்டி என் காதுல மாட்டிக்கினு உக்காந்திருப்பேன். தங்கமாச்சே!”

“டவுசர் போட்டுகினு ஓடுறத பாக்கவே மாட்டேன்னியே?”

“நான் எங்க பாத்தேன்? கம்மலுக்குக் காவல், அவ்ளோதான்.”

“காலையில வெறுங்காதோட போச்சே உன் பொண்ணு?”

“ஆமா, ஊட்லயே பீரோல வெச்சிப் பூட்டிட்டா.”

“அப்ப நீ இன்னாத்துக்குப் போற?”

ஆவடி வந்தது. அக்கா இறங்கிக்கொண்டே சொன்னார்.

“இன்னிக்கு செயிச்சாதான் கப்பு. நான் கத்தலன்னா அவளுக்குக் கோலே வராது.”