வடக்குக் கதவு

— அத்தான், மனிசரின்ரை மொத்த மூடத்தனத்தையும் நான் ஒரு கதவுக்குள்ளை அடக்கிப்போட்டன். பகிடியில்லை. முப்பத்திரண்டு பக்கம், அடிக்குறிப்போடை. என்ரை யூனிவேர்சிற்றி ஒப்காவ வெளியிலை வந்தால் உலகத்திலை ஒருத்தரும் பேயை நம்ப ஏலாது.

— தர்மிகன், போன் அடிச்சதோ?

— இல்லை. உங்கடை கையுக்கைதானே கிடக்கு.

— சத்தம் குறைஞ்சு கிடக்கோ எண்டு பார்.

— மூண்டாந்தரம் பாத்திட்டன். அக்கா எடுப்பா. பத்தரைக்குத்தானே பிள்ளையை ஒப்பரேசனுக்குக் கொண்டுபோனவை?

— பத்து இருபதுக்கு. ஹச்! இந்த நாசமாப்போன தடிமன்! பிள்ளை ஒரு கிலோதான். தகப்பன்காரன் தும்முறானெண்டு வார்ட்டுக்கை விடாமல் ரொம்சோஸ் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிப்போட்டினம்.

— அதுக்குத்தானே அக்கா என்னைத் துணைக்கு விட்டவ. கேளுங்கோ. இங்கிலாந்திலை, நாட்டுப்புறத்திலை, ஆயிரம் வருசப் பழசான கல்லுச் சேர்ச்சுகள். வாசல் தெற்காலை. வடக்குச் சுவரிலை இன்னொரு சின்னக் கதவு. பிறகு கனக்க இடத்திலை அதைக் கல்லு வைச்சு அடைச்சுப்போட்டினம். அதை ஏன் வைச்சவை, சொல்லுங்கோ பாப்பம்?

— காத்துக்கு.

— ஊர்வலம் போக, அத்தான். ஆனா ஊர்ச்சனம் சொன்ன கதை வேறை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கேக்கை அதைத் திறந்து விடுவினமாம். பிள்ளையைப் பிடிச்சிருக்கிற பேய் அதாலை வெளிக்கிட்டுப் போகுமாம். வெளியேறும் வழி எண்டு பச்சை லைற்தான் பூட்டேல்லை.

— பிழைச்சதுகளோ?

— ஆர், பேயளோ?

— பிள்ளையள்.

— அதுக்கு ஆதாரம் இல்லை.

— ஆதாரம் ஆரடா கேட்டது?

— அந்தக் காலத்திலை கனக்கப் பிள்ளையள்... அதை விடுங்கோ அத்தான்.

— தர்மி, எங்கடை குசினிப் பல்கனி எந்தப் பக்கம்?

— வடக்கு. அக்கா வைச்ச கறிவேப்பிலைக் கண்டு வெயில் இல்லாமல் அதிலைதானே செத்தது. ஏன்? அத்தான்! நீங்களுமோ? தி-பானே ரயில் ஓட்டுற மனிசன், சிவப்பு லைற்றையும் பச்சை லைற்றையும் நம்பிச் சீவிக்கிறனீங்கள்!

— சும்மா கேட்டனான்.

— சும்மா கேக்கிற முகமில்லை இது. பிள்ளையின்ரை இதயத்துக்குப் பக்கத்திலை ஒரு சின்னக் குழாய். பிறந்த உடனை தானா மூடியிருக்கோணும், மூடேல்லை. டொக்டர் மூடுறார். இதிலை பேய் எங்கை நிக்குது? வெளியிலை மைனஸ் பதினாலு. பல்கனியைத் திறந்தால் ஒண்டும் வெளியிலை போகாது, நியுமோனியாதான் உள்ளை வரும்.

— வாயை மூடு.

— சரி.

— அரை மணித்தியாலமெண்டவை. இப்ப ஒண்டேகால் மணித்தியாலம். என்னடா, ஏன் இப்ப ஒண்டும் கதைக்கிறாய் இல்லை?

— மூடச் சொன்னீங்கள். பிளேன்ரீ போட்டுக்கொண்டு வாறன்.

— எனக்குச் சீனி வேண்டாம்.

— ஓம்.

— தர்மி! ஒரு தேத்தண்ணிக்கு என்ன இவ்வளவு நேரம்?

— தண்ணி கொதிக்குது அத்தான்!

— எனக்குக் காலெல்லாம் விறைக்குது. காய்ச்சலும் வருகுதோ தெரியேல்லை.

— போர்வையை எடுத்துப் போத்துங்கோ! இஞ்சாலை வராதேங்கோ!

— பொறு, அடிக்குது! மிதுனா? சொல்லு. ஓம். ஓம். மூச்சு? தானா எடுக்கிறாளோ, மிசினோ? சரி, மிசினெண்டாலும் காரியமில்லை. மூடியாச்சுத்தானே? அழாதையப்பா. நான் அழேல்லை, இது தடிமன். வை, பிறகு எடு. தர்மி! முடிஞ்சுதாம்! நல்லாச் செய்தாச்செண்டு டொக்டர் சொன்னவராம். பின்னேரம் வரைக்கும் கவனமாப் பாக்கோணுமாம், அதுக்குப் பிறகு பயமில்லையாம். கேக்குதோ? எங்கை நிக்கிறாய்? ஏனடா குசினிக்கை பனி கொட்டிக் கிடக்கு? ஐயோ, பல்கனி ஆவெண்டு திறந்து கிடக்கு! ஜக்கெற்றும் இல்லை, உதடு நீலமாப் போட்டுது! மூடடா கதவை!

— பின்னேரம் வரைக்குமெண்டுதானே டொக்டர் சொன்னவர். நீங்கள் போய்ப் போத்திக்கொண்டு படுங்கோ அத்தான். கதவு காத்துக்குச் சாத்துப்படுது. நான் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.