கிணற்றிலிருந்த இஞ்சின்

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பொழுது போகாது, சார். கார் கட்ட ஆரம்பித்தது அதனால்தான். மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டுக் கொட்டகையில், பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் படத்தைப் பார்த்து, ஃபைபரில் உடம்பு வார்த்தேன். "கார் வளர்றது, நீங்கதான் தேய்ஞ்சுண்டே போறேள்" என்பாள் என் மனைவி சாவித்ரி. வாய்தான் அப்படி, மனசு நல்லது.

இந்த மாதிரி நகல் வண்டிக்கு மதிப்பெல்லாம் இஞ்சினில்தான். ஃபியட் இஞ்சினைப் போட்டால் ஓடும். ஆனால் பானெட்டைத் திறந்ததும் பார்க்க வந்தவர் சிரித்துவிடுவார். டீசல் இஞ்சின் என்றால் கேட்கவே வேண்டாம், மாவு மில் சத்தம். உடம்பு நகலானாலும் உள்ளே அசல் வண்டியின் இஞ்சின் இருந்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு.

அந்த இஞ்சின் பீர்க்கன்கரணையில் ஒரு கிணற்றுக்குள் இருந்தது. நிலத்துக்காரர் ஜெயவேலுவின் அப்பா, அந்தக் காலத்தில் ஒரு துரையின் காரை வாங்கி, உடம்பை எடைக்குப் போட்டுவிட்டு, இஞ்சினைக் கிணற்றின் பாதி ஆழத்தில் ஒரு மேடை கட்டி இறக்கிவிட்டார், தண்ணீர் இறைக்க. புகையை மேலே கொண்டுவர ஒரு நீளக் குழாய். நிறுத்தும் சுவிட்ச் மேலே, கைப்பிடிச் சுவரில். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

பல தடவை விலைக்குக் கேட்டேன். "இன்னா சார் நீங்க, நல்லாத்தானே ஓடிக்கினு கீது. எங்கப்பா வெச்சது. நான் உசிரோட கீற வரைக்கும் அது கெணத்தவுட்டு ஏறாது" என்றார் ஜெயவேலு. கோபமாக இல்லை. மோர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். அவர் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இஞ்சினில் ஏதாவது கோளாறென்றால் என்னைத்தான் கூப்பிடுவார். தொண்ணூற்றிரண்டு சித்திரையில் அப்படிப் போனபோது புகைக்குழாயின் இணைப்பைக் கீழே இஞ்சின் பக்கத்திலேயே கழற்றி வைத்தேன். மறுநாள் காலையும் போனேன். அவர் கீழே இறங்கி, இஞ்சினைக் கிளப்பிவிட்டு, ஒழுகும் தண்ணீர்க் குழாய்க்குச் சாக்கு சுற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில், "சார், தலை சுத்துது சார், அத்த நிறுத்து சார்" என்றார். சுவிட்ச் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இஞ்சின் அன்றைக்கு மிகவும் சீராக ஓடியது. கேட்டுக்கொண்டு நின்றேன்.

கிணற்றில் விஷக்காற்று என்றார்கள் ஊரில். காரியம் முடிந்ததும் அவர் மனைவி செல்லியம்மாள், "அந்தச் சனியன எட்த்துக்கினு பூடு சார்" என்றாள். எடுத்துக்கொண்டு வந்தேன். நான் எடுத்துப் போனதைப் பார்த்தது அவள் மட்டும்தான்.

போன மாதம் பெங்களூரிலிருந்து யக்ஞநாராயணன் என்று ஒருவர் என் காரை வாங்குவதற்காகப் பார்க்க வந்தார். "துரை கார் இஞ்சின்னு நீங்கதான் சொல்றேள். சாட்சி யாரு? இதுக்கு ஃபியட்டே போட்டிருக்கலாமே, ஸ்பேராவது கிடைக்கும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சார். செல்லியம்மாளிடம் கூட்டிக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். துரை கார் இஞ்சின் கிணற்றில் இருந்தது ஊருக்கே தெரியும். அதுதான் இது என்று சொல்ல ஜெயவேலுவும் இல்லை.

அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி, அது இது என்றெல்லாம் எழுதாதீர்கள். ஜெயவேலுவைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். எந்த இஞ்சினால் என்று எழுதும் இடத்தில் அதன் நம்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யக்ஞநாராயணன் இனி நம்பித்தானே ஆகவேண்டும்.